பையனைக் கொடுத்தால் பெண்ணுக்குக் கையெழுத்தா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் ஓர் இ-சேவை மையத்தின் வாசலில் தாயும் மகளும் நின்றிருந்தார்கள். தாய்க்கு விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றும் வேலை. மகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழ் வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை.

தாய் அருந்ததியர். தகப்பன் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். 19 ஆண்டுகளுக்கு முன் வீட்டை எதிர்த்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். பதிவு செய்யவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் தகப்பன் தன் வீட்டோடு சமாதானமாகிப் போய்விட்டார். மகளுக்கு இப்போது 17 வயது. அடுத்தவன் பையன், ஒன்பது வயது. தகப்பன் போனபோது அவனுக்கு மூன்று.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது தகப்பன் தன் சாதியையே மகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் வளர்ந்தது தாயின் தெருவில். இப்போது தாயின் சாதியில் சான்று கேட்டால், "அப்பாவின் சான்று எங்கே? அப்பாவின் கையெழுத்து எங்கே?" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாய் தயங்கித் தயங்கி அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். வந்த பதிலை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்.

"பயல அனுப்பி வையி, பிள்ளைக்குக் கையெழுத்துப் போடுதோம்னு சொல்லுதாங்க, அண்ணே. ஆம்பளப் பிள்ள மட்டும் அவங்களுக்கு வேணுமாம்."

பெயர், ஊர், தெரு எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இவ்வளவோடு விடுகிறோம். ஆனால் இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. சாதி கடந்த திருமணம் முறிந்தால் பெரும்பாலும் பிள்ளைகள் தலித் தாயிடமே தங்கிவிடுகிறார்கள். சான்று கேட்கும் காகிதம் மட்டும் தகப்பனைத் தேடிப் போகிறது. சேர்க்கைக் காலம் வந்தால் நமக்கு வரும் அழைப்புகளில் இந்தச் சங்கதி இல்லாத ஆண்டே இல்லை.

தாயின் சாதி பிள்ளைக்கு வருமா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதிவிட்டார்கள். சமூக நலத்துறையின் அரசாணை எண் 477, நாள் 27.6.1975. பெற்றோரில் ஒருவர் பட்டியலினத்தவராக இருக்கும் கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளையைத் தாயின் சாதியிலோ தந்தையின் சாதியிலோ சேர்க்கலாம் என்பது அதன் சாரம். பிள்ளை எந்த வாழ்க்கை முறையில் வளர்க்கப்படுகிறது என்று பெற்றோர் தரும் உறுதிமொழிதான் அடிப்படை. ஒரு பிள்ளைக்குத் தரும் உறுதிமொழி மற்றப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஆகவே மகளை ஒரு சாதியிலும் மகனை இன்னொரு சாதியிலும் பிரித்து எழுத இந்த ஆணையில் இடமில்லை. பையனை மட்டும் தனியே கேட்பவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.

ஆணை "பெற்றோர்" என்கிறது. அலுவலர்கள் அதை "அப்பா" என்று படிக்கிறார்கள். சிக்கல் இந்த இடத்தில்தான்.

இந்தியா முழுவதற்கும் பொருந்தும் தீர்ப்பு 2012 ஜனவரி 18 அன்று வந்தது. குஜராத்தைச் சேர்ந்த ரமேஷ்பாய் தபாய் நாயிகா வழக்கு. தாய் பழங்குடி, தகப்பன் சத்திரியர். பிள்ளைக்குத் தகப்பன் சாதிதான் என்று கீழே முடித்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. பிள்ளைக்குத் தகப்பனின் சாதி என்று முதலில் அனுமானிக்கலாம், ஆனால் அது மாற்ற முடியாத முடிவு அல்ல என்றது. தாயின் சமூகத்தில் வளர்ந்ததையும், அந்தச் சமூகம் படும் இழிவையும் இல்லாமையையும் தானும் பட்டதையும், அந்தச் சமூகமும் வெளியில் இருப்பவர்களும் தன்னை அப்படித்தான் பார்த்தார்கள் என்பதையும் பிள்ளை தரப்பு ஆதாரத்தோடு காட்டினால், தாயின் சாதியே பிள்ளையின் சாதி.

ஆதாரம் என்றால் என்ன என்று கேட்டார் அந்தத் தாய். எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள், ரேஷன் கார்டில் யார் பெயரில் யார் இருக்கிறார்கள், பள்ளியில் யார் கையெழுத்துப் போட்டீர்கள், நல்லது கெட்டதுக்கு யார் வீட்டு வாசலில் பந்தல் போட்டீர்கள், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்பவைதான் என்றோம்.

இதை எழுதும்போது பாஞ்சாகுளம் ஞாபகம் வருகிறது. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர். 2022 செப்டம்பரில் மிட்டாய் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்ன காணொளியை நாடே பார்த்தது. கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையத் தடையும் வந்தது. அந்தக் கடையில் யாரும் பிள்ளைகளிடம் தகப்பனின் சாதிச் சான்றிதழைக் கேட்கவில்லை. எந்தத் தெருப் பிள்ளைகள் என்பது மட்டும் போதுமாக இருந்தது. தீண்டாமைக்குத் தெரு போதும், சலுகைக்குத் தகப்பன் வேண்டுமா?

அண்மைத் தீர்ப்பும் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. புதுச்சேரியில் தாய் ஆதிதிராவிடர், தகப்பன் பட்டியலினம் அல்லாதவர். மகளுக்குத் தாயின் சாதியில் சான்று தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. காலம் மாறும்போது தாயின் சாதியில் ஏன் சான்று தரக்கூடாது என்றும் கேட்டது. சட்டக் கேள்வியை முடிவாகத் தீர்க்காமல் திறந்தே வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு தாயும் ஆதாரத்தோடு போவதே நல்லது.

கையெழுத்து கருணையா?

தகப்பனின் கையெழுத்தைப் பேரத்துக்கு வைப்பவர்களுக்கு இன்னொரு வழக்கைச் சொல்ல வேண்டும். இதில் நிலைமை தலைகீழ். தகப்பன் தலித், தாய் தலித் அல்லாதவர். மணமுறிவு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 11 வயது மகனும் ஆறு வயது மகளும் தாயோடு ராய்ப்பூரில் இருந்தார்கள். 2024 டிசம்பர் 5 அன்று வந்த தீர்ப்பில், திருமணத்தால் அந்தப் பெண் பட்டியலினத்தவர் ஆக முடியாது, ஆனால் பிள்ளைகளுக்கு அந்த உரிமை உண்டு என்றது நீதிமன்றம். ஆறு மாதத்துக்குள் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று வாங்கித் தருவது தகப்பனின் பொறுப்பு. முதுகலைப் படிப்பு வரை அவர்களின் படிப்புச் செலவும் அவர் தலையில். பிள்ளைகள் தாயிடமே இருப்பார்கள்.

பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பதையும் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் அங்கே யாரும் ஒன்றுக்கு ஒன்று என்று பேரம் பேசவில்லை. சான்றிதழ் பிள்ளையின் சொத்து. அதை வாங்கித் தருவது பெற்றவர்களின் கடன்.

நம் ஊர் மகளின் விஷயத்துக்கு வருவோம். அருந்ததியர் சான்று கிடைத்தால், 18 சதவீதப் பட்டியலின ஒதுக்கீட்டுக்குள் 2009 சட்டப்படி உள்ள 3 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கல்வி உதவித்தொகையும் உண்டு. தார் சுற்றும் கூலியில் மூன்று ஆண்டு கல்லூரி என்றால் இந்தக் காகிதம்தான் எல்லாம். பதினெட்டு நிறைந்துவிட்டால் மகள் தன் பெயரிலேயே மனுப்போடலாம். கல்லூரிச் சேர்க்கை அவள் பிறந்த நாளுக்காகக் காத்திருக்காது.

பட்டியலினச் சான்று தர வேண்டியவர் வட்டாட்சியர். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் மறுக்கச் சொல்ல வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவதை வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. எழுத்தில் இருந்தால்தான் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய முடியும். சங்கரன்கோவிலே கோட்டத் தலைமையிடம் என்பதால் அதற்காகத் தென்காசிக்கு அலைய வேண்டியதில்லை.

பையன் யாரிடம்?

இனி அவர்கள் கேட்கும் பையன். 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 6-வது பிரிவில், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்று இருக்கிறது. ஐந்து வயது நிறையாத பிள்ளை வழக்கமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த வரிகளை வைத்துத்தான், "அஞ்சு வயசு தாண்டிட்டா பையன் அப்பனுக்கு" என்று டீக்கடையில் சட்டம் பேசுகிறார்கள்.

"பிறகு" என்ற ஒரு சொல்லின் பொருளை மாற்றிக் கொடுத்தவர் கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். 1984-ல் மகன் பெயரில் பத்திரம் வாங்கப் போனார். தாயின் கையெழுத்து போதாது, தகப்பனின் கையெழுத்து வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. (கையெழுத்துச் சண்டை நம் ஊரில் மட்டும் இல்லை.) 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. "பிறகு" என்றால் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டாம், தகப்பன் இல்லாத நிலையில் என்று படிக்க வேண்டும். அவர் பிள்ளையைக் கவனிக்காமல் ஒதுங்கிவிட்டாலும் அது இல்லாத நிலைதான். ஆறு ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத தகப்பன் இருக்கும் வீட்டில் காப்பாளர் யார் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. மகளுக்கான விண்ணப்பத்திலும் இதையே சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே அதே சட்டத்தின் 13-வது பிரிவு நிற்கிறது. பிள்ளையின் நலனே முதன்மை. தகப்பனின் வசதியோ தாத்தாவின் வம்ச ஆசையோ அதற்குப் பின்னால்தான். 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டம், விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கவனிக்கலாம் என்கிறது. ஒன்பது வயதுப் பையன் தன் அக்காவோடு இருக்க விரும்புகிறானா என்று அவனிடமே கேட்பார்கள்.

அந்த வீட்டார் சொல்லும் இன்னொரு வாதத்தையும் தாய் சொன்னார். "அது கல்யாணமே இல்ல, பதிவு பண்ணலல்லா" என்கிறார்களாம். கோயிலில் முறைப்படி நடந்த திருமணம் பதிவு செய்யாததால் மட்டும் செல்லாமல் போகாது. சரி, ஒரு பேச்சுக்கு அவர்கள் சொல்வதே உண்மை என்று வைப்போம். அதே 6-வது பிரிவு, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு முதல் காப்பாளர் தாய், அவருக்குப் பிறகே தகப்பன் என்கிறது. கல்யாணம் இல்லை என்று சொல்லிக்கொண்டே பையனைக் கேட்பவர்கள் தங்கள் காலடியிலேயே குழி பறித்துக்கொள்கிறார்கள். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. மணமாகாத தாய், தகப்பனின் பெயரை வெளியிடாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் காப்பாளர் ஆகலாம் என்றது.

பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? பெற்ற தகப்பன்தானே, குடும்பப் பிரச்சினை என்று காவல் நிலையத்தில் கையை விரிப்பது உண்டு. அப்போது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். நிரந்தரமான தீர்வுக்குப் பிள்ளை வழக்கமாக வாழும் பகுதியின் குடும்ப நீதிமன்றத்தையோ மாவட்ட நீதிமன்றத்தையோ அணுக வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்பது தனி வழி. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-வது பிரிவு. திருமணத்துக்குள் பிறந்ததா வெளியே பிறந்ததா என்ற பேதம் அதில் இல்லை. தாய் வசிக்கும் இடத்திலேயே மனுப் போடலாம்.

பெரியம்மாவுக்குத் தத்து

பேச்சு முடிந்தது என்று எழுந்தபோதுதான் அந்தத் தாய் இன்னொன்றைச் சொன்னார். அவருடைய அக்காவுக்குப் பிள்ளை இல்லை. "பயல அக்காளுக்குத் தத்து எழுதிக் குடுத்துட்டா அவங்க கேக்க முடியாதுல்லா? அம்பது ரூவாப் பத்திரத்துல எழுதித் தாறேன்னு ஒரு ஆள் சொல்லுதாரு." நல்ல வேளை, எழுதுவதற்கு முன்னால் கேட்டார்.

சொந்தத்துக்குள் தத்துக் கொடுப்பது நம் ஊரில் காலகாலமாக இருப்பதுதான். இந்துக்களுக்கு 1956-ம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. கொடுப்பதும் வாங்குவதும் நேரில் நடக்க வேண்டும். பத்திரத்தைப் பதிவு செய்தால் நீதிமன்றம் அதை நம்பும். ஆனால் தகப்பன், தாய் இருவரில் ஒருவர் கொடுக்க வேண்டுமானால் மற்றவரின் சம்மதம் வேண்டும். 2010 வரை கொடுக்கும் உரிமையே தகப்பனுக்குத்தான் முதலில் இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தம்தான் தாயைச் சமமாக்கியது. சம்மதம் தேவைப்படாத நிலைகள் மூன்றே. மற்றவர் துறவியாகியிருக்க வேண்டும், மதம் மாறியிருக்க வேண்டும், அல்லது மனநலம் அற்றவர் என்று நீதிமன்றம் சொல்லியிருக்க வேண்டும். விட்டுவிட்டு ஓடிப்போனவர் இந்த மூன்றிலும் வரமாட்டார். அதாவது அந்தப் பத்திரம் ஒரு நாள் அந்த வீட்டாரின் கையில் ஆயுதமாகவே மாறும். இன்னொன்று, முறைப்படி நடந்த தத்தைத் திரும்பப் பெற முடியாது. நாளைக்கு மனசு மாறினாலும் மகன் அக்காவின் மகன்தான்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களும் மற்ற எல்லா மதத்தினரும் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம். 2022 செப்டம்பரிலிருந்து அதற்கான உத்தரவைத் தருபவர் மாவட்ட ஆட்சியர்.

சொந்தமும் இல்லை, யாரோ ஒருவர் கேட்கிறார் என்றால் பத்திரத்தைத் தொடவே கூடாது. வளர்க்க முடியாத தாய் பிள்ளையை ஒப்படைக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் நலக்குழு மட்டும். ஒப்படைத்த பிறகும் மனம் மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாதம் அவகாசம் உண்டு. இதைத் தாய்மார்களிடம் யாரும் சொல்வதில்லை. இதற்கு வெளியே பிள்ளை கைமாறினால் மூன்று ஆண்டு வரை சிறை, பணம் கைமாறினால் ஐந்து ஆண்டு வரை. 2019-ல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவரின் தொலைபேசிப் பேச்சு வெளியாகி, கொல்லிமலைப் பழங்குடிக் குடும்பங்களின் பச்சிளம் பிள்ளைகள் விலைபோன கதை தெரியவந்தது. 2021-ல் மதுரையில் ஒரு காப்பகம், பிள்ளை கொரோனாவில் இறந்துவிட்டது என்று காகிதம் காட்டிவிட்டு விற்றிருந்தது. விலைபோனவை எல்லாம் கேட்க நாதியற்ற வீட்டுப் பிள்ளைகள்.

காப்பகத்தில் சேரும் தலித் பிள்ளைக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க யாரும் இல்லாமல், அரசு அல்லது அரசு ஏற்ற இல்லத்தில் வளரும் பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் சேர்க்கும்போது தாய் யார், எந்தச் சமூகம் என்று எழுதாமல் விட்டுவிட்டால், அந்தப் பிள்ளை பட்டியலின உரிமையைக் கேட்க வழியே இருக்காது. பேரனையோ பேத்தியையோ இல்லத்தில் சேர்க்கும் பாட்டிமார்கள் தாயின் சாதிச் சான்று நகலையும் கோப்பில் வைக்கச் சொல்ல வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்றார் அந்தத் தாய். பட்டியலினத்தவர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு. இந்தக் குடும்பத்துக்கு மூன்று காரணமும் பொருந்துகிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசி 15100. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

மகளுக்கான விண்ணப்பத்தைப் புதிதாகத் தயாரித்துக் கொடுத்தோம். தாயின் உறுதிமொழி, தாயின் சாதிச் சான்று, ரேஷன் கார்டு, தெருவில் மூன்று பேரின் சாட்சியம், 1975 அரசாணையின் நகல், 2012 தீர்ப்பின் நகல் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். தகப்பன் கையெழுத்து என்ற இடத்தில், ஆறு ஆண்டுகளாகப் பிரிந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறோம். பத்திரம் எழுத வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பையனைப் பார்க்கத் தகப்பன் வந்தால் தடுக்க வேண்டாம், அது பையனுக்கும் உள்ள உரிமை என்றும் சொன்னோம். "நான் எப்பண்ணே தடுத்தேன்?" என்றார்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்குப் போயிருக்கிறது. முடிவு எதுவானாலும் இதே பகுதியில் எழுதுவோம்.